பின்லாந்து தோற்ற செவ்வாய்க்கிழமை

— எழுதி வச்சுக்கோங்க சார். போன செவ்வாக்கெழமை காலையில பதினோரு மணிக்கு, பின்லாந்துங்கிற தேசம் எங்கிட்டத் தோத்துப்போச்சு.

— பெரியவரே, நான் கேட்டது உங்க பேரு.

— வேலுசாமி. ராஜபாளையம் டிப்போவுல கண்டக்டரா இருந்து ரிட்டயர்டு. ராஜபாளையம் வத்ராப் ரூட்டு. அம்பத்தஞ்சு சீட்டு வண்டியில முந்நூறு டிக்கெட் ஏத்துன ஆளு. இப்ப மேலக்காடு ஸ்கூலுக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர்.

— முந்நூறா.

— கூரைக்கு மேல இருந்தவுகள விட்டுட்டுச் சொல்லுதேன் சார்.

— ஹெப்சிபா டீச்சர், கல்வி ஆபீசுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் மட்டும் வந்தாப் போதும்னுதானே சொன்னேன். இவரை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?

— நான் கூட்டிட்டு வரல சார். பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். திரும்பிப் பாத்தா பின் சீட்டுல இவரும் இருக்காரு. எறங்கச் சொன்னா, நான் எத்தன பேர எறக்கி விட்டுருக்கேன், என்னை யாரு எறக்குறதுங்குறாரு. எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல சார்.

— சரி, ரெண்டு பேரும் உக்காருங்க. ஃபேன் ஓடாது. காலையில இருந்து கரண்ட் இல்ல. யுபிஎஸ் செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. புதுசு கேட்டு எழுதியிருக்கு, வரும்போது வரும். டீச்சர், இந்த போனைப் பாருங்க. போன செவ்வாய்க்கிழமை உங்க ஸ்கூல்ல எடுத்த வீடியோ. கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு வந்திருந்த பின்லாந்து அம்மா எடுத்து நெட்ல போட்டிருக்காங்க. ஒரு கிளாஸ் ரூம். அடுப்படியில சத்துணவு சமைக்கிற அம்மா.

— வெள்ளத்தாய் சார்.

— போர்டு பக்கத்துல இந்தப் பெரியவர். ஒரு வெள்ளை நாய். பிள்ளைன்னு எண்ணினா ஒண்ணே ஒண்ணு.

— சத்யப்பிரியா சார். மூணாம் வகுப்பு.

— உங்க பதிவுல பதினோரு பிள்ளைகள். இதுல ஒண்ணு. கீழ அந்தம்மா என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? ஒரே ஒரு பிள்ளைக்காக ஒரு பள்ளிக்கூடத்தையே திறந்து வச்சிருக்கிற தேசம், எங்க நாடு இவங்ககிட்ட கத்துக்கணும்னு. பாராட்டித்தான் எழுதியிருக்காங்க. அந்தப் பாராட்டு நேரா சென்னைக்குப் போயிடுச்சு. ஒரே ஒரு பிள்ளையான்னு மேல கேட்டுட்டாங்க. மேலக்காடு ஸ்கூலை மகாராஜபுரம் ஸ்கூலோட சேர்க்கச் சொல்லி ஆர்டர் ரெடி பண்ணியாச்சு. கம்ப்யூட்டருக்குள்ள இருக்கு. கரண்ட் வந்ததும் பிரிண்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, இன்னைக்கே அனுப்பணும்.

— மூடிருவீங்களா சார்.

— மூடுறதுன்னு சொல்லக் கூடாது டீச்சர். இணைக்கிறது.

— நடுவுல ஓடை இருக்கு சார். மலையில மழை பெஞ்சா எங்களுக்கு வெயில் அடிக்கும்போதே தண்ணி எறங்கி வந்துரும். ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக எப்படித் தாண்டும். நாலு நாள் அனுப்புவாங்க. அஞ்சாம் நாள் ஆடு பத்தப் போகச் சொல்லிருவாங்க.

— எனக்குத் தெரியாம இல்ல. போன வருஷம் நானே அந்த ஓடையில செருப்பை விட்டுட்டு வந்தவன். என்னத்தச் சொல்ல.

— பதினொண்ணும் இருக்கு சார். அன்னைக்கு மட்டும் பத்து வரல. ஊர்ல ஒரு சடங்கு வீடு. எல்லாம் விருந்துக்குப் போயிருச்சு.

— யார் வீட்டுல?

— முத்துப்பாண்டி வீட்டுல சார். அவரு மகளுக்கு.

— டீச்சரம்மா, முத்துப்பாண்டிக்கு நாலும் ஆம்பளப் பிள்ளைக.

— அண்ணாச்சி, செத்த நேரம் சும்மா இருங்க.

— எப்படி இருக்க. பொய்யின்னாலும் அதுல ஒரு லட்சணம் வேண்டாமா. நாலு கடுவன் பயக இருக்குற வீட்டுல சடங்குன்னு கவர்மெண்டு ஆபீசுல எழுதி வாங்கிட்டா, முத்துப்பாண்டி பொறவு டீக்கடைப் பக்கம் எப்படி வருவான். சார், எழுதி வச்சுக்கோங்க. பத்துப் பிள்ளையும் அன்னைக்கு ஸ்கூலுக்கு வந்துச்சு. நாந்தான் ஒளிச்சு வச்சேன்.

— என்னது?

— ஒளிச்சு வச்சேன். பதினொண்ணையும் உக்கார வச்சிருந்தா பின்லாந்து ஜெயிச்சிருக்குமே.

— டீச்சர், இவரு என்ன சொல்றாரு?

— அடிச்சு விடுவாரு சார். இவரு பேச்ச நம்பிக் கேட்டா உங்களுக்குத்தான் தலைவலி. பின்லாந்தும் தோக்கல, யாரும் ஒளியவும் இல்ல. அப்படி ஒண்ணும் நடக்கல. நான் அன்னைக்கு வாக்காளர் பட்டியல் வேலையா வீடு வீடாப் போயிட்டேன். ஸ்கூல்ல இல்ல.

— ஆமா சார். டீச்சரம்மா இல்ல. அது சத்தியம்.

— ரெண்டாவது டீச்சர்?

— அந்தப் போஸ்ட்டு காலி சார். நீங்கதான் நெரப்பணும். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சுப்போச்சு.

— சரி, விடுங்க. பெரியவரே, முதல்ல இருந்து சொல்லுங்க. எப்படியும் கரண்ட் வர்ற வரைக்கும் எனக்கு வேலை ஓடாது. சுருக்கமா.

— சுருக்கமாவே சொல்லுதேன். அதுக்கு முந்தின நாள், திங்கக்கெழமை, இங்க வில்லிபுத்தூர்ல டீச்சருமாரையெல்லாம் கூட்டி வச்சு அந்த அம்மா பேசுனாவல்ல. நான் வரல. டீச்சரம்மா சொன்னதுதான். தெரையில ரெண்டு கோடு போட்டுக் காட்டுனாவளாம். ஒண்ணு, அந்தத் தேசம் ஒரு பிள்ளையப் படிக்க வைக்க வருசத்துக்கு எம்புட்டுச் செலவழிக்குதுன்னு. அது தென்னமரம் கணக்கா நிக்குது. பக்கத்துல நம்ம கோடு. அது எம்புட்டுச் சின்னதுன்னா, புரொஜெக்டர் போட வந்த ஆளு அழுக்குன்னு நெனச்சுத் தோள்ல கெடந்த துண்டை எடுத்துத் தொடைக்கப் போயிட்டாராம்.

— இதுவும் அடிச்சு விடுறதுதானே டீச்சர்.

— இது நடந்துச்சு சார். நீங்க மேடையிலதான் இருந்தீங்க.

— நான் கண்ணை மூடிக்கிட்டிருந்தேன்.

— தெரியும் சார். நாங்களும் பாத்தோம்.

— அதுக்கு முன்னாடி ரெண்டு கோர்ட் கேஸுக்குப் பதில் எழுதிட்டு வந்து உக்காந்தேன் டீச்சர். தூங்கல. கண்ணுதான் மூடிக்கிச்சு.

— கடைசியில யாருக்காவது கேள்வி இருக்கான்னு அந்தம்மா கேட்டாவளாமே. ஒருத்தரும் எந்திரிக்கலையாமே.

— என்னத்தக் கேக்க பெரியவரே. நாடு நூறு ரூபா சம்பாதிச்சா அதுல ஆறு ரூபா படிப்புக்குன்னு நான் பொறக்குறதுக்கு முன்னாடியே எழுதி வச்சது. நான் பொறந்து, படிச்சு, வாத்தியாராகி, ஆபீசராகி, எனக்குச் சர்க்கரையும் வந்தாச்சு. அந்த ஆறு மட்டும் இன்னும் வரல. பின்லாந்து அந்த ஆறுகிட்ட நிக்குது. அவங்க சம்பாதிக்கிறதும் அதிகம், பிள்ளைகளும் கம்மி. கோடு தென்னமரமாத்தான் இருக்கும். இதுல கேள்வி கேட்டு என்ன ஆகப்போகுது. சாப்பாட்டு நேரம் வேற.

— பொட்டலம் ஆறிப்போச்சு சார் அன்னைக்கு.

— அன்னைக்கு சாயங்காலம் நான் ராஜபாளையம் போயிட்டுத் திரும்பும்போது, அதே பஸ்ஸுல வந்த டீச்சரம்மா எங்கிட்ட ஒண்ணு கேட்டாவ சார். அண்ணாச்சி, நாம எதுலயாவது ஜெயிச்சிருக்கோமான்னு. கிருஷ்ணன்கோவில் தாண்டி வத்ராப் வார வரைக்கும் யோசிச்சுப் பாத்தேன். எனக்கே ஒண்ணும் தட்டல. எனக்கே தட்டலன்னா பாத்துக்கோங்க.

— நான் அப்படிக் கேக்கல சார்.

— கேட்டீங்க. சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டுக் கேட்டீங்க.

— வெயில் அடிச்சுச்சு. அதான் திரும்பியிருந்தேன்.

— சாயங்கால வெயிலு அந்தப் பக்கம் அடிக்காது டீச்சரம்மா. முப்பது வருசம் அந்த ரூட்டுல நின்னுக்கிட்டே போனவன் நான்.

— சண்டையை விடுங்க. செவ்வாய்க்கிழமைக்கு வாங்க.

— செவ்வாக்கெழமை காலையில போன் வருது. ரெனிட்டான்னு காலேஜு புரொபசர் பொண்ணு. கவர்மெண்டு ஸ்கூல் ஒண்ணு பாக்கணும்னு அம்மா ஆசப்படுதாவ, பஸ்ஸு கெளம்பிருச்சு, மேலக்காட்டுக்கு வழி எப்படின்னு கேக்குது. பெரிய ஆளு வாராவன்னா வழக்கமா நாம என்ன செய்வோம், உங்களுக்கே தெரியும் சார். வேன்ல இங்கிலீஷ் ஸ்கூலுக்குப் போற பிள்ளைகள நிறுத்தி, டை எல்லாம் கழட்டி, கூட உக்கார வைப்போம். போன வருசம் பாலகணேஷ் சார் வாராருன்னு, உங்களுக்குத்தான் சார், பதினேழு பிள்ளை காட்டுனோம்ல.

— காட்டினீங்களா?

— அதுல ஆறு நம்மளுது இல்ல. ஒண்ணு கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி.

— கடைசி வரிசையில மீசை அரும்பி ஒருத்தன் இருந்தானே. அஞ்சாம் வகுப்புன்னு சொன்னீங்களே டீச்சர்.

— சார், அது வந்து…

— அவன் பத்தாவது பெயிலு சார். நீங்க கேட்ட கேள்விக்கு அவன்தான் பதில் சொன்னான். நீங்ககூட சபாஷ்னு சொல்லி முதுகுல தட்டுனீங்க.

— என்னத்தச் சொல்ல. பாத்தீங்களா டீச்சர், இதுதான் பிரச்சினை. நாளைக்கே நான் வந்து தலையை எண்ணலாம். பதினொண்ணு இருக்கும். இருபதுகூட இருக்கும். எண்ணி என்ன பிரயோஜனம்? எல்லா ஸ்கூலும் கூட்டித்தான் காட்டுதுன்னு மேல தெரியும். அதனால நாங்க எண்ணி அனுப்புறதை நம்புறதில்ல. ஒரு வெளிநாட்டு அம்மா சொல்லாமக் கொள்ளாம வந்து எடுத்த வீடியோ. அதை நம்புறாங்க.

— சொல்லிட்டுத்தான் வந்தாவ சார். அரை மணி நேரத்துக்கு முந்திச் சொல்லிட்டாவ. நானும் வேனை மறிக்கத்தான் சைக்கிள எடுத்தேன். அப்பத்தான் கண்டக்டர் புத்தி முழிச்சுக்கிச்சு. பஸ்ஸுல டிக்கெட் கூடுனாத்தான் நமக்குப் பெரும. ஆனா அந்தம்மா போட்டது வேற கணக்குல்ல. மொத்தச் செலவத் தலையால வகுக்கணும். தலை கொறையக் கொறைய ஒரு தலைக்கு விழுற ரூவா ஏறிக்கிட்டே போவுது. பதினொண்ணால வகுத்தா நாம அந்தத் தொடைக்கப் போன அழுக்கு. ஒண்ணால வகுத்தா?

— வகுக்கவே வேண்டாம்.

— எழுதி வச்சுக்கோங்க. சைக்கிளத் திருப்புனேன். சத்யப்பிரியாவ மட்டும் நிறுத்திக்கிட்டு மிச்சம் பத்தையும் கம்மாக்கரைக்கு அங்கிட்டுப் பத்தியாச்சு.

— அந்தப் பிள்ளையை எதுக்கு நிறுத்தினீங்க?

— அவ வாயிக்கு சார். வந்த உடனே அந்த அம்மாகிட்ட, உங்க ஊர்ல ஆடு இருக்கான்னு கேட்டா. இருக்குன்னாவ. குட்டிக்கு என்ன வெலைன்னு கேட்டா. அம்மாவுக்குத் தெரியல. அப்பவே பாதி தோத்தாச்சு.

— ஆண்டவரே.

— பொறவு அம்மா போன்ல அதே ரெண்டு கோட்டக் காட்டுனாவ. எங்க தேசத்துல ஒரு பிள்ளைக்கு வருசத்துக்கு உங்க காசுல கிட்டத்தட்டப் பத்து லட்சம் ஆவுதுன்னாவ. ரெனிட்டா தமிழ்ல சொல்லச் சொல்ல நான் சாக்பீஸ எடுத்தேன். டீச்சரம்மா சம்பளம். ரெண்டாவது டீச்சர் சம்பளம்.

— காலியிடத்துக்கு ஏது சம்பளம்?

— ஆளு வந்தாக் குடுப்பீங்கள்ல. நாம ஏன் விடணும். சத்துணவு அமைப்பாளர், வெள்ளத்தாய், அரிசி, பருப்பு, முட்டை. புத்தகம், பை, செருப்பு, நாலு செட்டுத் துணி. தண்ணி வராத தொட்டி. பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருக்குற டிவி. கட்டடத்துக்கு வாடகை, கவர்மெண்டு கட்டடம்னாலும் வாடகைன்னு ஒண்ணு உண்டுல்ல. நாயிக்கு வாட்ச்மேன் சம்பளம். மொத்தத்தையும் கூட்டி ஒண்ணால வகுத்தேன்.

— அவ்வளவு சேர்க்கவே வேண்டாமே. டீச்சருக்கு இருக்கிற சர்வீஸுக்கு அவங்க சம்பளம் ஒண்ணே, ஒரு வருஷத்துக்கு, ஆமா, பத்து லட்சத்தைத் தாண்டிடும்.

— தாண்டுதுல்ல.

— தாண்டுது.

— சார் கணக்குப் போட்டே ஒத்துக்கிட்டாரு, கேட்டுக்கோங்க டீச்சரம்மா. அந்த அம்மாவும் போன்ல தட்டித் தட்டிப் பாத்தாவ. ரெண்டு தரம் பாத்தாவ. பொறவு எந்திரிச்சு நின்னு கை குடுத்தாவ. எனக்கில்ல, சத்யப்பிரியாவுக்கு. நீங்க எங்கள ஜெயிச்சுட்டீங்கன்னு சொன்னாவளாம். நான் தோத்தவுகளுக்குன்னு ஒரு பால்கோவா டப்பா குடுத்தேன். அங்கயே தொறந்து பாதியச் சாப்பிட்டுட்டாவ.

— சார், பால்கோவா வரைக்கும் கேட்டுட்டீங்க. இனிமே நாய் இங்கிலீஷ் பேசுச்சும்பாரு. இதெல்லாம் ஒண்ணும் நடக்கல. யாராவது ஒரு தேசம் நம்ம மேலக்காட்டுகிட்டத் தோக்குமா.

— அங்கயும் மத்தியானச் சோறு உண்டாம் சார், எல்லாப் பிள்ளைக்கும். நம்மளப் பாத்துத்தான் ஆரம்பிச்சிருப்பாவ.

— இல்ல பெரியவரே. அவங்க நமக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க.

— முட்டை உண்டான்னு கேட்டேன். தெனமும் கெடையாதாம். அங்கயும் நாமதான்.

— வேற ஒண்ணும் கேக்கலையா அவங்க?

— கேட்டாவ. இம்புட்டுச் செலவழிக்கிறீங்க, குழாயில ஏன் தண்ணி வரலன்னு. தண்ணி வந்துட்டா செலவு கொறைஞ்சிருமேன்னு சொன்னேன். சிரிச்சாவ. ரெனிட்டா சிரிக்கல. அந்தப் பொண்ணு என்னையவே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

— அந்த டிவி பீரோவுக்குள்ள ஏன் பூட்டிக் கிடக்கு டீச்சர்?

— வயர் எலி கடிச்சுருச்சு சார். சரி பண்ண ஆளு கேட்டு எழுதியிருக்கேன். சாக்பீஸு, வெளக்குமாறு, பினாயில் எல்லாம் என் காசு. அதை அண்ணாச்சி போர்டுல சேக்கல.

— அது கவர்மெண்டு செலவு இல்லையே டீச்சரம்மா. நேர்மையா ஜெயிக்கணும்ல.

— சார் மகன் எங்க படிக்கிறான்?

— அதை ஏன் கேக்குறீங்க?

— சும்மா கேட்டேன் சார்.

— ராஜபாளையத்துல. பிரைவேட்ல. அவங்க அம்மா கேக்க மாட்டேன்னுட்டா. என்னத்தச் சொல்ல டீச்சர். இந்த ஆபீசுல இருக்கிற ஒருத்தர் பிள்ளையும் நம்ம ஸ்கூல்ல இல்ல. பின்லாந்துல மந்திரி பிள்ளையும் பஸ் டிரைவர் பிள்ளையும் ஒரே பெஞ்சுலன்னு அந்தம்மா அன்னைக்குச் சொன்னாங்க. அப்ப மட்டும் நான் கண்ணைத் திறந்திருந்தேன்.

— சார், பொறவு ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லிருதேன். பஸ் ஏறப் போனவிய திரும்பி வந்தாவ. நான் சின்ன வயசுல படிச்ச ஸ்கூல ஆளு இல்லன்னு எங்க நாட்டுல மூடிட்டாங்க, நீங்க ஒரு பிள்ளைக்காகத் தொறந்து வச்சிருக்கீங்கன்னு சொல்லும்போது அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. பத்தையும் கூப்பிட்டு முன்னாடி நிறுத்திரலாமான்னு பாத்தேன். ஆனா ஜெயிச்ச பொறவு எப்படி சார்.

— அங்க விட்டதுதான் பெரியவரே, இங்க வந்து நிக்குது.

— தெரியுது சார். நான் இம்புட்டு வருசம் அடிச்சு விட்டதுல ஒண்ணையும் ஒருத்தரும் நம்புனதில்ல. இந்த ஒண்ண நம்பிட்டாவ.

— நீங்க சொன்னதுல பாதி நான் நம்பிடுவேன். ஒரு இடம் இடிக்குது. வீடியோவைத் திரும்பப் போடுறேன், காதைக் குடுத்துக் கேளுங்க. காக்கா கத்துது. மோட்டார் ஓடுது. வெள்ளத்தாய் கரண்டியைத் தட்டுற சத்தம். பிள்ளைச் சத்தம் ஒண்ணுகூட இல்ல. வெள்ளத்தாய் அடுப்புகிட்ட, நீங்க போர்டுகிட்ட. பத்துப் பிள்ளைகளை யாரு பாத்துக்கிட்டா?

— நாயி பாத்துக்கிச்சு சார்.

— நாய் அந்தம்மா காலடியில படுத்திருக்கு.

— ராஜபாளையம் நாயி. தானும் வெள்ள, அந்தம்மாவும் வெள்ள. ஏதோ சொந்தம்னு நெனச்சிருச்சு.

— கடைசியில எந்திரிச்சு, வாலை ஆட்டிக்கிட்டு கம்மாக்கரைப் பக்கம் ஓடுது பாருங்க. அங்க யாரோ இருக்காங்க. பிள்ளைங்களாத்தான் இருக்கணும், ஒத்துக்கிறேன். அவங்களை அடக்கி வச்சது யாரு?

— அதுகளே இருந்துச்சு சார். மேலக்காட்டுப் பிள்ளைக அம்புட்டு ஒழுங்கு.

— நானும் ஒண்ணாம் வகுப்பு எடுத்தவன் பெரியவரே. பத்துப் பிள்ளைகள் முக்கால் மணி நேரம், கம்மாக்கரையில, தண்ணியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு, அதுகளே இருக்காது. நீங்க நின்னாலும் இருக்காது. ஒரு ஆளுக்குத்தான் இருக்கும்.

— கரண்ட் வந்துருச்சு சார். ஃபேன் சுத்துது.

— ஆமா. பிரிண்டரும் கத்துது.

— சார்.

— டீச்சர், இந்தக் கையெழுத்தைப் போட்டுட்டா நான் போய் டீ குடிக்கலாம். போடாம நிறுத்தணும்னா ஒரு காரணம் எழுதணும். பிள்ளைங்களை ஒளிச்சு வச்சிருந்தாங்கன்னு மொட்டையா எழுதினா மேல சிரிப்பாங்க. கூட்டிக் காட்டின ஸ்கூல் ஆயிரம், குறைச்சுக் காட்டின ஸ்கூல் எங்கேயும் கிடையாது. பொறுப்புல இருக்கிற ஒருத்தர், நான்தான் கூட்டிட்டுப் போனேன்னு தன் பேரைப் போட்டுச் சொல்லணும். அது அவருக்கே நஷ்டம்னு தெரிஞ்சா, அதை மட்டும் நம்புவாங்க.

— நஷ்டம்னா.

— மெமோ வரும். நான்தான் குடுக்கணும். உங்களுக்கு எப்ப ரிட்டயர்மெண்ட்?

— மே மாசம் சார்.

— மெமோவோட ரிட்டயர் ஆனா பென்ஷன் எப்படி இழுபடும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதனால அன்னைக்கு வாக்காளர் பட்டியல் வேலையாப் போயிருந்தேன்னு நீங்க சொன்னா, நான் அப்படியே எழுதிக்குவேன். அந்த வேலைக்கு உங்களை அனுப்பினதும் நாங்கதான். உங்க மேல ஒண்ணும் வராது. ஸ்கூல் மட்டும் போகும்.

— சார், நாந்தான். என் பேரப் போட்டுக்கோங்க. வேலுசாமி, கழகத் தலைவர்.

— வீடியோ முழுக்க நீங்க போர்டுகிட்ட நிக்கிறீங்க பெரியவரே.

— அப்ப இதை எழுதிக்கோங்க. நான் சொன்னது பூராவும் பொய்யி. பின்லாந்து தோக்கல. அந்தம்மா கை குடுக்கல. பிள்ளைகள யாரும் ஒளிச்சு வைக்கல. முந்நூறு டிக்கெட்டும் பொய்யி, எம்பதுகூட ஏத்துனதில்ல. டீச்சரம்மா பட்டியல் வேலையாப் போயிட்டாவ, என் கண்ணால பாத்தேன். அவியள விட்டுருங்க சார்.

— அண்ணாச்சி, போதும்.

— நீங்க பேசாதீங்க டீச்சரம்மா. மே மாசம் எம்புட்டுத் தூரம், இந்தா இருக்கு. காலமெல்லாம் ஒழைச்ச காசு.

— நான் சொல்லி முடிச்சிர்றேன் அண்ணாச்சி. சார், கம்மாக்கரையில பத்துப் பிள்ளைக இருந்துச்சு. அதுல ஒண்ணு கௌதம்ராஜ், ஒண்ணாம் வகுப்பு. பேசாம இருங்க, சத்தம் கேக்காம இருந்தா நம்ம ஸ்கூல் ஜெயிச்சுரும்னு சொல்லித்தான் அடக்குனது. அவன் மட்டும் ஊந்து வந்து காதுகிட்ட கேட்டான். நாங்க இல்லேன்னாத்தான் ஜெயிப்போமா டீச்சர்னு.

— யார் காதுகிட்ட?

— என் காதுகிட்ட சார். ஆமான்னு தலையாட்டுனேன். நடந்துச்சு, எழுதிக்கோங்க.